வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பவர்கள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை?

கேள்வி: "சின்னதாக ஒரு ஹோம் கேர் ஏஜென்சி நடத்துகிறேன். முப்பது பேர் வீடு வீடாகப் போய் முதியவர்களையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவரைப் பழக்கி எடுப்பதற்குள் இன்னொருவர் போய்விடுகிறார். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். மன அழுத்தம் குறைய ஒரு வகுப்பும் வைத்தேன். எதுவும் மாறவில்லை. எதைத்தான் சரிசெய்வது?"

இந்தத் தொழிலில் எனக்குப் பதினெட்டு வருடம். முதல் ஆறு வருடம் நானே வீடுகளுக்குப் போய் வேலை பார்த்தவள். அப்புறம் யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று ஷிஃப்ட் போடும் நாற்காலிக்கு வந்தேன். இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஷிஃப்ட் போட்ட காலத்தில் நானும் நிறையத் தப்பு செய்திருக்கிறேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் போடுங்கள். கடைசியாக வேலையை விட்ட பதினைந்து பேரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சேர்ந்த தேதி, நின்ற தேதி, நிற்பதற்கு முந்தைய நான்கு வாரங்களில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை கொடுத்தீர்கள், கடைசியாக எந்த வீட்டில் இருந்தார். காரணம் என்ற கட்டம் வேண்டாம். "வீட்டுச் சூழ்நிலை சரியில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போவார்கள். பகைத்துக்கொள்ளாமல் விலக நம்மிடம் இருக்கும் மரியாதையான சொல் அது. அதை அப்படியே பதிவேட்டில் எழுதிவைத்து, நம் ஆட்களுக்கெல்லாம் குடும்பப் பிரச்சினை அதிகம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அது நான்தான்.

பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று விஷயம் கண்ணில் படும். ஒன்று, போனவர்களில் நிறையப் பேர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். இரண்டு, போவதற்கு முன்னால் அவர்களுடைய மணி நேரம் திடீரென்று குறைந்திருக்கும். மூன்று, ஒன்றிரண்டு வீடுகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

நீங்கள் மட்டும் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஹோம் கேர் நிறுவனங்களிடம் வருடாவருடம் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் 2018-ல் ஆண்டுக்கு 82 சதவீதம் பேர் வேலையை விட்டதாக வந்தது. 100 இடம் இருந்தால் ஒரு வருடத்தில் 82 பேர் விலகியிருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்பத்திரண்டு நாற்காலியும் ஆளுக்கு ஒருமுறை காலியானதாக அதற்கு அர்த்தமில்லை. உதாரணத்துக்கு, அறுபது பேர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கலாம். மீதி நாற்பது இடத்தில் ஆள் வந்து வந்து போய்க்கொண்டே இருக்கலாம். உங்கள் முப்பது பேரிலும் அப்படித்தான் இருக்கும். எந்த இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.

சரி, மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன். சம்பளம் கூட்டியும் பலன் இல்லை என்கிறீர்கள். மணிக்கு எவ்வளவு என்று கூட்டியிருப்பீர்கள். உங்கள் பணியாளரின் ஒரு நாளை அவர் பக்கமிருந்து பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறார். எட்டு முதல் பத்து வரை ஒரு வீடு. பன்னிரண்டு முதல் இரண்டு வரை இன்னொரு வீடு. மாலை ஐந்து முதல் ஏழு வரை மூன்றாவது வீடு. வீடு திரும்பும்போது எட்டு மணி. பதின்மூன்று மணி நேரம் வெளியே இருந்திருக்கிறார், கூலி ஆறு மணி நேரத்துக்கு. நீங்கள் 10 சதவீதம் கூட்டினால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது முப்பத்தாறு நிமிடத்துக்கான பணம். காசு வராமல் போகும் ஏழு மணி நேரம் அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது, வேறு வேலை பார்க்கவும் முடியாது. பூங்காவிலோ மாடிப்படியிலோ உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று மனசு கணக்குப் போடும்.

அதோடு, அந்த ஆறு மணி நேரமும் நிச்சயமில்லை. பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அன்றிலிருந்து கூலி கிடையாது. வெளியூரிலிருந்து மகள் வந்து "பத்து நாள் நானே பார்த்துக்கறேன்" என்றாலும் கிடையாது. மாத வாடகைக்கு மட்டும் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. கடையில் நின்று வியாபாரம் பார்க்கும் வேலைக்கு மணிக்கூலி குறைவாக இருந்தாலும் அங்கே போகிறார்கள் என்றால், மாதக் கடைசியில் எவ்வளவு வரும் என்று அங்கே தெரியும் என்பதுதான் காரணம். கூலி கூட்டுவது முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான இடங்களில் இந்த வேலைக்குக் கொடுப்பது வெட்கப்பட வேண்டிய தொகை. ஆனால் உங்களிடம் இருப்பது கொஞ்சப் பணம் என்றால் அதை மணிக்கூலியில் தூவிவிடாமல், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உறுதி, வீட்டுக்கு வீடு போகும் நேரத்துக்கும் பணம் உண்டு என்பதில் போடுங்கள். அது கையில் தெரியும்.

இந்த வேலையை வேலையாகவே பார்க்காத பழக்கம் சட்டங்களிலும் இருந்தது. அமெரிக்காவில் 1974-ல் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை விரிவாக்கினார்கள். ஆனால் முதியவர்களுக்குத் 'துணையாக' இருப்பவர்களை மட்டும் அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். பேச்சுத்துணைதானே என்ற நினைப்பு. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அந்தத் 'துணை'க்குள் அடங்கிவிட்டது. எவலின் கோக் என்ற நியூயார்க் பணியாளர் ஓவர்டைம் கூலி கேட்டு வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2013-ல்தான் விதியை மாற்றினார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2015-ல். அதைப் பார்க்க எவலின் கோக் உயிரோடு இல்லை. 2009-லேயே இறந்துவிட்டார். ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள "ஒரு பொண்ணு இருந்தா போதும்" என்று போனில் கேட்கும் குடும்பங்களின் குரலிலும் நான் இதே நினைப்பைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்துச் சொல்லப்போவதைப் பற்றி நிறுவனங்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துபோவது.

ஒரு பெண் பதினான்கு மாதம் ஒரே பாட்டியைப் பார்த்துக்கொண்டார். பாட்டிக்குப் பேச்சு போய்விட்டது. எந்த முனகலுக்குத் தண்ணீர், எந்த முனகலுக்கு வலி என்று மகனைவிட இவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு விடியற்காலையில் பாட்டி போய்விட்டார். குடும்பம் ஏஜென்சிக்குத் தகவல் சொன்னது. அப்போது ஷிஃப்ட் போடும் இடத்தில் இருந்தவள் நான். அவருக்கு வருமானம் நின்றுவிடக் கூடாதே என்ற அவசரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போன் செய்து, "கவலைப்படாதீங்க, நாளைக்குக் காலையிலேயே புது கேஸ் போட்டுட்டேன்" என்றேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். அவர் இரண்டு நாள் அந்தப் புது வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. பதிவேட்டில் "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று எழுதினேன். ஒரு வருடம் கழித்து வழியில் பார்த்தபோது, "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தைகூடக் கேக்கலையேம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நோயாளி இறந்தால் செவிலிக்கு வருத்தம் இருக்கும், ஆனால் சம்பளம் நிற்காது. பக்கத்தில் அழுவதற்கு இன்னொரு செவிலி இருப்பார். வீட்டில் வேலை பார்ப்பவருக்கு ஆளும் போகிறது, வருமானமும் போகிறது, இரண்டும் ஒரே நாளில். குடும்பத்தார் அழுதால் துக்கம், இவர் அழுதால் "இவளுக்கென்ன" என்ற பார்வை. கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் இப்படிப்பட்ட துக்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று தமிழில் சொல்லலாம். அழும் உரிமை தனக்கு இல்லை என்று மற்றவர்கள் உணர்த்திவிடும் துக்கம். எங்கள் தொழிலில் அது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரே ஆளுக்கு வரும்.

இதற்குச் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. இறந்த தகவல் வந்தால் முதல் போன் கேஸைப் பற்றி இருக்கக் கூடாது. இறுதிச் சடங்குக்குப் போக விரும்பினால் அந்த அரை நாளுக்குக் கூலி கொடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குப் பழைய மணி நேரத்தில் ஒரு பங்காவது உறுதி என்று சொல்லுங்கள். உடனே வேலைக்குப் போக வேண்டுமா, நான்கு நாள் கழித்தா என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு உடனே வேலை வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்தால்தான் அவர்களுக்குத் தாங்காது. அதை நாம் தீர்மானிக்கக் கூடாது.

இதெல்லாம் போய்ச் சேரும் இடம் தனிமை. இந்த வேலையின் ஒவ்வொரு கஷ்டமும் வேறு வேலைகளிலும் உண்டு. தூக்குவது, அசுத்தம், கோபமான ஆட்கள், சாவு எல்லாமே ஆஸ்பத்திரியிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு பின்னறை இருக்கிறது. நோயாளி திட்டினால் சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே போய்க் கூட்டாளியிடம் முகத்தைச் சுளித்துக் காட்டலாம். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைக் கவனித்து 1983-ல் இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டுவதும் கூலிக்குச் செய்யும் உழைப்புதான் என்றார். விமானத்தில்கூட ஒரு திரை இருக்கும். வீட்டில் அதுவும் இல்லை. எட்டு மணி நேரமும் யாரோ ஒருவரின் வீட்டுக் கூடத்தில், அவர்கள் கண் முன்னால்.

வேலை அழுத்தம் பற்றி 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் சொன்னார்: வேலை கடுமையாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்பதில் தன் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் ஆள் நொந்துபோகிறார். 1988-ல் ஜான்சன், ஹால் என்ற இருவர் இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். வேலையும் கடுமையாக இருந்து, தன் கையிலும் ஒன்றும் இல்லாமல், தோள் கொடுக்க ஆளும் இல்லையென்றால் மிக மோசம். அவர்கள் ஆராய்ந்தது இதற்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை. ஹோம் கேர் வேலையை எடுத்துக்கொண்டால் மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

அதனால்தான் உங்கள் மன அழுத்த வகுப்பு வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். எந்த நாளில் வைத்தீர்கள்? லீவு நாளில், கூலி இல்லாமல் வரச்சொல்லியிருந்தால், ஓய்வு பற்றிப் பேச அவர்களின் ஓய்வையே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், நானும் இதைச் செய்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி மோசமான விஷயமில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைச் சோர்வை விவரித்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. பணியிடத்தில் இருக்கும் பிரச்சினைக்குப் பணியாளரின் மூச்சைத் திருத்துவது எந்த அளவுக்கு உதவும்?

சோர்வு வருகிறதா என்று தெரிந்துகொள்ளப் படிவம் எதுவும் நிரப்பச் சொல்ல வேண்டாம். பேச்சில் தெரியும். "லட்சுமி பாட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "அந்த பெட்ரிடன் கேஸ்" என்று சொல்ல ஆரம்பிப்பார். டியூட்டி நோட்டில் நேற்று எழுதியது அப்படியே இன்றும் இருக்கும். கிறிஸ்டினா மாஸ்லாக் போன்ற உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஆள் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரிடமிருந்து மனதளவில் விலகுவது, தான் செய்வதில் ஒன்றுமில்லை என்று தோன்றுவது. எங்கள் ஆட்களிடம் கடைசியாகச் சொன்னது ரொம்பத் தாமதமாகத்தான் வரும். நோயாளியோடு இருக்கும் நேரம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. வேலை பிடிக்கிறது, வேலை நடக்கும் விதம் பிடிக்கவில்லை. வேலையைப் பிடிக்காதவரைத் தக்கவைப்பது கஷ்டம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வழிகாட்டும் கணக்கின்படி, சாதகமான நிலையிலேயே நோயாளியைக் கையால் தூக்குவதற்கான உச்ச எடை 35 பவுண்டு, கிட்டத்தட்ட 16 கிலோ. ஒரு வயதானவரின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கினாலே அதை நெருங்கிவிடும். வீட்டுக் கட்டில் தாழ்வாக இருக்கும், சுவரை ஒட்டிப் போட்டிருப்பார்கள், குளியலறைக்குள் இரண்டு பேர் நுழைய முடியாது. ஏற்றி இறக்கும் கட்டில் வாங்குங்கள் என்றால் "ரூம் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்" என்பார்கள். புது கேஸ் எடுக்கும் முன் ஒருவர் போய்க் கட்டிலையும் குளியலறையையும் பார்த்து, நகர்த்தப் பயன்படும் வழுக்குத் துணியும் இடுப்புப் பட்டையும் கொடுத்துவிட்டு வருவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். முதுகு வலிக்கிறது என்று பணியாளர் உங்களிடம் சொல்ல மாட்டார். சொன்னால் கேஸ் போய்விடும் என்ற பயம். சொன்ன ஒருவருக்கு மணி நேரம் குறையாமல் லேசான வீடு கிடைத்தது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் அடுத்தவர் வாய் திறப்பார்.

அப்புறம் மானம். மறதி நோய் இருப்பவர் "என் மோதிரத்தைக் காணோம், இவதான் எடுத்தா" என்பார். அது நோயின் குணம், அது பணியாளருக்கும் தெரியும். அந்தப் பேச்சு அவரை அவ்வளவாகக் காயப்படுத்தாது. மருமகள் ஒரு கணம் அவர் பையைப் பார்ப்பாரே, அதுதான் காயம். அடுத்து ஏஜென்சியிலிருந்து போன் வரும். அந்தப் போனில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன நடந்துச்சு?" என்றா, "நீ எடுத்தியா?" என்றா? அதில்தான் அவர் இருப்பதும் போவதும். குடும்பத்து ஆண்கள் தகாத முறையில் நடப்பதும் இந்த வேலையில் நடக்கிறது, அதைப் பூசி மெழுக வேண்டாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை (2019) வேலை நடக்கும் தனியார் இடத்தையும் பணியிடமாகவே எண்ணி அங்கே நடக்கும் வன்முறையையும் தொல்லையையும் சேர்க்கிறது. உங்கள் அளவில் ஒரு விதி போதும்: பாதுகாப்பில்லை என்று தோன்றினால் உடனே வெளியேறலாம், அன்றைய முழுக் கூலியும் உண்டு, வெளியே வந்த பிறகு தகவல் சொன்னால் போதும். இந்த விதியை ஒப்பந்தம் போடும் அன்றே குடும்பத்துக்கும் படித்துக் காட்டுங்கள். சில குடும்பங்கள் முகம் சுளிக்கும். அப்படிச் சுளிக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வேலைக்கு மேல் வேலை வாங்குவது பற்றி எல்லா ஏஜென்சியும் புலம்பும். குடும்பத்தார் துணியெல்லாம் துவைக்கச் சொல்கிறார்கள், பேரனைப் பள்ளியில் விடச் சொல்கிறார்கள். எதெது வேலை என்று எழுதி இரு தரப்பிடமும் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இதில் ரொம்பக் கறாராக இருப்பதும் கெடுதல் என்பது என் அனுபவம். பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டைத் தேடிப் போட்டுக் கொடுப்பது பட்டியலில் இருக்காது. நகத்துக்குச் சாயம் பூசிவிடுவது இருக்காது. அதையும் தடுத்தால், இந்த வேலையில் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் சந்தோஷத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம். யார் கேட்டு, யார் விருப்பத்தில் செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

நேரக் குறைவும் அப்படித்தான். இருபது நிமிடத்தில் ஒருவரை எழுப்பி, கழுவி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு ஓடச்சொன்னால், செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும் செய்ய முடியாத குற்ற உணர்ச்சியோடு கதவைச் சாத்திவிட்டு வருவார். பிரிட்டனில் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில், விதிவிலக்குகள் தவிர வீட்டுப் பராமரிப்பு வருகை அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றது. இந்த எல்லை நோயாளியின் நன்மைக்கு மட்டுமல்ல, பணியாளரின் மனசாட்சிக்கும்தான் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இப்போது பட்டியலுக்குத் திரும்புவோம். முதல் மூன்று மாதத்தில் ஏன் இத்தனை பேர் போகிறார்கள்? கடினமான வீடுகளை மூத்தவர்கள் மறுப்பார்கள். அவர்களை இழக்க உங்களுக்குப் பயம், விட்டுவிடுவீர்கள். அந்த வீடு யாருக்குப் போகும்? நேற்றுச் சேர்ந்தவருக்கு. மறுக்கத் தெரியாதவர் அவர் ஒருவர்தானே. அவர் மூன்று வாரத்தில் போவார். வீடு இன்னும் காலி, அடுத்துச் சேர்பவருக்குப் போகும். ஆக, மிகக் குறைந்த அனுபவம் உள்ளவரை மிகக் கடினமான வீட்டுக்குத் தனியாக அனுப்பும் ஓர் இயந்திரத்தை யாரும் திட்டமிடாமலேயே கட்டிவிடுகிறோம். எங்கள் இடத்தில் ஒரு வீடு இப்படி ஐந்து பேரைத் தின்றது. ஆறாவதாக அனுபவம் உள்ள இருவரை மாற்றி மாற்றிப் போட்டு, மணிக்கூலியும் அந்த வீட்டுக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆள் மாறவில்லை.

புதியவருக்கு முதல் நாள் கூட ஒருவர் போக வேண்டும். முதல் வாரம் தினமும் மாலை யாராவது ஒருவர் போன் செய்து, "அந்த வீடு எப்படி?" என்று கேட்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே மலம், மூத்திரம், சாவு எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கேட்டதும் இருவர் எழுந்து போவார்கள். மூன்றாவது வாரத்தில் போவதற்கு இன்றே போகட்டும்.

இரவு பதினொரு மணிக்குக் கத்தீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், அடைத்துக்கொண்டால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது, அதை உண்மையில் யாராவது எடுப்பார்களா? இதை ஒருமுறை நீங்களே வேறொரு போனிலிருந்து அடித்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் நிறுவனத்தை மதிப்பிடுவது அந்த ஒரு எண்ணை வைத்துத்தான். எங்கே இருக்கிறார்கள் என்று கண்காணிக்கும் செயலிக்குப் பணம் செலவழிக்கும் நிறுவனங்கள், இரவில் போன் எடுக்க ஓர் ஆளைப் போடத் தயங்குவது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தனிமையைக் குறைக்க ஒருவருக்கொருவர் தெரிந்த சிறு குழுக்களாகப் பிரியுங்கள். நெதர்லாந்தில் யோஸ் டி ப்ளாக் என்ற செவிலியர் 2006-ல் தொடங்கிய, வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் பூர்ட்ஸோர்க் அமைப்பில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர். தங்கள் பகுதி நோயாளிகளை அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள், ஷிஃப்டையும் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள், மேலே மேலாளர் கிடையாது. அதை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலானவர்கள் படித்த செவிலியர்கள், பின்னால் ஒரு தேசியக் காப்பீடு இருக்கிறது. ஆனால் ஆறு பேர், ஆறேழு வீடு, யார் எப்போது என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரிமை என்பது முப்பது பேர் உள்ள உங்கள் ஏஜென்சியிலும் முடியும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டை ஏற்கெனவே தெரிந்த இன்னொருவர் போவார். நோயாளிக்கும் புது முகம் இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1985-ல் தொடங்கிய கோஆபரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ் இன்னும் ஒரு படி போய்ப் பணியாளர்களையே நிறுவனத்தின் உரிமையாளர்கள் ஆக்கியது.

எல்லோரையும் தக்கவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். செவிலியர் படிப்புக்கு நடுவில் வந்தவர் படிப்பு முடிந்ததும் போவார், போகத்தான் வேண்டும். தன் வீட்டிலேயே படுக்கையில் ஒருவர் விழுந்துவிட்டால் பணியாளர் அங்கே போவார். அதையெல்லாம் தோல்விக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஒருவர் போனால் ஆகும் செலவை ஒருமுறை கணக்கிடுங்கள்: விளம்பரம், ஆள் தேடிய நேரம், பயிற்சி நாட்களின் கூலி, நடுவில் ஆள் இல்லாமல் ரத்தான ஷிஃப்ட், அதனால் வேறு ஏஜென்சிக்குப் போன குடும்பம். அதைப் பதினைந்தால் பெருக்குங்கள். அந்தத் தொகைக்குள் இரவு போன் எடுக்கும் ஆளும், இரண்டு வார உறுதிக் கூலியும், சில வழுக்குத் துணிகளும் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போனவர்களிடம் காரணம் கேட்க வேண்டுமென்றால் மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள், ஷிஃப்ட் போடுபவரைக் கேட்கச் சொல்லாதீர்கள். அதைவிட, ஐந்து வருடமாக உங்களிடம் இருப்பவர்களை உட்கார வைத்து ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்டால் இன்னும் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். அப்புறம், பட்டியலில் மூன்று முறை வந்த அந்த வீட்டுக்கு நீங்களே ஒரு முழு ஷிஃப்ட் போய்ப் பாருங்கள். இரவு ஷிஃப்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.